பின்னால் கட்டுகிற கச்சு

வலி வருவதற்கு ஒரு வருஷம் முன்பே லரீபாவைச் சட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

மலைநாட்டுப் பதுளைக் கடைவீதிக்குப் பின்புறச் சந்தில், கடைசி ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு ஊராருக்குத் தைத்துக் கொடுத்தவள் அவள். ஊர்ப் பெண்களுக்குச் சட்டை, தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை, கடைக்காரர்களுக்குத் தொப்பி. எழுத்து தெரியாது. ஒவ்வொருவர் அளவையும் ஒரு நூலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வாள். இருநூறு நூல் இருந்தாலும் எது யாருடையது என்று கை சொல்லிவிடும். அப்படிப்பட்டவள் பெருநாளுக்கென்று தனக்குத் தைத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுப் பார்த்தபோது, இடுப்பில் நிற்க வேண்டியது நாலு விரல் கீழே இறங்கித் தொங்கியது. துணி வளராது. தன்னுடைய நூலை எடுத்துக் கழுத்திலிருந்து பிடித்துப் பார்த்தாள். இடுப்பு முடிச்சு இடுப்பைத் தாண்டிக் கிடந்தது. வயசானால் குறுகுவதுதானே என்று நூலைச் சுருட்டி வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு அறுபதை ஒட்டி வயது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷக் கடைசி மழையில் கூரை ஒழுகியது. தையல் மெஷினின் மேல் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு அதை இரண்டு கையாலும் தூக்கினாள். நெஞ்சளவு வருவதற்குள் முதுகுக்குள் காய்ந்த கறுவாப்பட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். மெஷினைப் போட்டுவிடாமல் மெதுவாகக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் விழுந்தாள்.

பக்கத்து வீட்டில் இரும்புக் கடை ஸலீமும் அவன் மனைவி ஸைனபும் இருந்தார்கள். மாட்டு வண்டி பிடித்து வைக்கோல் பரப்பி அவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பலகைக் கட்டிலில் பத்தொன்பது நாள் கிடந்தாள். டாக்டர் சிவஞானம் யாழ்ப்பாணத்து மனிதர். அவர் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்கக் கேட்க, வார்டில் வேலை செய்கிற பெண் லரீபாவின் முதுகைத் துணிக்கு மேலாகத் தடவி, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொன்னாள்.

"மெஷின் தூக்கினதாலை வந்த வினை எண்டு நினையாதேங்கோ அம்மா," என்றார் டாக்டர். "உள்ளுக்குள்ளை எலும்பு அரிச்ச மாதிரிப் போச்சு. தும்மினாலும் நசிஞ்சிருக்கும். நசிஞ்சதை நிமித்த மருந்து இல்லை. மிச்சம் இருக்கிறது நசியாமல் தாங்கிப் பிடிக்கலாம்."

தாங்கிப் பிடிப்பதற்கு அவரிடம் ஒரு கச்சு இருந்தது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரையின் தாயார் போட்டுக்கொண்டிருந்ததாம். கிழவி மௌத்தான பிறகு பங்களாவிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கெட்டியான கித்தான் துணி, இரட்டை மடிப்பு. அக்குளிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் வருகிற உயரம். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை, விலாவிலும் பட்டை. முதுகின் நடுவே மேலிருந்து கீழே பித்தளை வளையமிட்ட கண் துளைகள் வைத்து, இரண்டு பக்கத்தையும் நாடா கோத்து இழுத்து இறுக்க வேண்டும். வார்டுப் பெண் கட்டிவிட்டபோது லரீபாவுக்கு முதலில் மூச்சு முட்டியது. பிறகு, பத்தொன்பது நாளில் முதல் தடவையாக, எதிர்ச் சுவரிலிருந்த ஜன்னல் நேராகத் தெரிந்தது.

"படுக்கேக்கை கழட்டலாம். காலமை வேலை தொடங்கிறதுக்கு முன்னம் கட்டவேணும். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார்: "கட்டிவிட வீட்டிலை ஆரும் இருக்கினமோ?"

"ஈக்கிறாங்க," என்றாள் லரீபா.

யாரும் இல்லை. புருஷன் இப்றாஹீம் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்கப் போனவர். கொஸ்லந்தைப் பக்கம் காய்ச்சலில் விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் கச்சைத் தராமல் விட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். அதைவிட, திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிற அந்நிய மனிதரிடம் எனக்கு யாரும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில்தான், வாய்கூசாமல் சொன்ன பொய்யின் கனம் தெரிந்தது. நாடா முதுகில். கை பின்னால் போகவில்லை. ஜன்னல் கம்பியில் நாடாவின் இரண்டு நுனியையும் முடிந்துவிட்டு, முன்னால் அடி வைத்து நகர்ந்து பார்த்தாள். மேல் பக்கம் இறுகியது, கீழே தொளதொளத்தது. ஒரு பட்டை கோணிக்கொண்டு விலாவில் குத்தியது. அந்தச் சீமைக் கிழவிக்கு ஆயா இருந்திருப்பாள். தைத்தவனும் ஒருத்தி பின்னால் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டே தைத்திருக்கிறான்.

மூன்றாம் நாள் கொல்லைப்புற வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸைனப் பார்த்துவிட்டாள்.

"மாமி, ஜன்னல் கம்பியோட என்ன மல்லுக்கட்டுறீங்க?"

"சும்மா. நாடா சிக்கிட்டு."

ஸைனபுக்கு இருபத்துநாலு வயது, இரண்டு குழந்தைகள். கையைத் துடைத்துக்கொண்டே வேலியைத் தாண்டி வந்தாள். அவிழ்த்து, நேராக்கி, கீழேயிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்து இறுக்கிக் கட்டினாள். "இதுக்குப் போய் என்னையக் கூப்பிடக் கூடாதா? நான் விடிய சுபஹு தொழுதுட்டு வந்து கட்டித் தாரேன். நீங்க தனியக் கிடந்து சிரமப்படாதீங்க."

அப்படியே வந்தாள். கதவைத் தட்டுவதில்லை. "மாமி" என்று ஒரு குரல், அப்புறம் தேங்காய் துருவிய மணத்தோடு ஈரக் கை. குளிருக்கு அந்தக் கை ஜில்லென்றுதான் இருக்கும். லரீபா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸைனப் ஒரு உள்ளங்கையை அவளுடைய முதுகில் ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் நாடாவை இழுப்பாள். இழுக்கிற நேரத்தில் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். மூத்தவன் ஓதப் போக மாட்டேன் என்கிறான், மீன் வண்டி நேற்றும் வரவில்லை, மாமியாருக்குக் காது மந்தம். கீழே முடிச்சுப் போட்டதும் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். எல்லாம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்.

இப்றாஹீம் போன பிறகு லரீபாவின் மேல் யாருடைய கையும் பட்டதில்லை. அளவெடுக்கும்போது ஊரிலுள்ள பெண்களின் தோளையெல்லாம் அவள் கை தொடும். அவளை யார் தொடப்போகிறார்கள்? இனி கண்ணை மூடிய பிறகு மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள்தான் தொடுவார்கள் என்று ஒருதரம் நினைத்ததுகூட உண்டு. அதனால் அந்தக் காலை நேரத்துக்கு அவள் காத்திருக்கத் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. பாங்கு சொல்வதற்கு முன்பே விழித்து, தொழுதுவிட்டு, ஸைனபுக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி ஊற்றி மூடி வைப்பாள். ஸைனப் பாதி நாள் குடிக்காமல் ஓடிவிடுவாள்.

இன்னொன்றும் செய்தாள். அதை நினைத்துப் பிற்காலத்தில் வெட்கப்பட்டாள். கச்சு சரியாகத்தான் இறுகியிருக்கும். ஆனாலும், "புள்ள, கீழ கொஞ்சம் தளர்வா ஈக்கிற மாதிரித் தெரியுது. இன்னொருக்கா இழுத்து உடு," என்பாள். ஸைனப் மறுபடி எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து இழுப்பாள். சில நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு லரீபா தானே முடிச்சை நெகிழ்த்திவிட்டு வேலிப் பக்கம் போய் நிற்பதும் உண்டு.

நாலு மாதம் இப்படிப் போனது. ஸைனபுக்கு மூன்றாவது பிள்ளை தரித்தது. காலையில் வாந்தி. வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. ஏழு மணி, எட்டு மணி. கச்சில்லாமல் லரீபாவால் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. தொழுகையை உட்கார்ந்தபடி முடித்துக்கொண்டு மறுபடி போய்ப் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். தைக்க வந்த பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒருநாள் நடுப்பகல் ளுஹருக்குப் பாங்கு சொல்லியும் ஸைனப் வரவில்லை. அதற்கும் பிறகு வந்தாள், கண் சிவந்து, முந்தானையில் குழந்தை எடுத்த வாந்தி காய்ந்திருந்தது. சின்னவளுக்கு விடியவிடியக் காய்ச்சலாம். ஒன்றும் பேசாமல் கச்சை எடுத்துக் கட்டினாள். கட்டி முடிந்ததும், வழக்கம் தவறாமல் லரீபாவின் வாயில் அது வந்துவிட்டது:

"கீழ கொஞ்சம் தளர்வா..."

ஸைனப் கையை எடுத்துவிட்டாள். "மாமி, தளர்வு இல்ல. எனக்குத் தெரியும். எப்பவுமே தளர்வா இருந்ததில்ல." குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் ரெண்டு கைதானே ஈக்குது."

அவள் போன பிறகு லரீபா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுவதும் ஒரு தையல் ஓடவில்லை. ஸைனப் சொன்னதில் கோபப்பட எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் நெஞ்சை அறுத்தது. தெரிந்துகொண்டே இத்தனை நாளும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள்.

மறுநாள் அவளை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டு, கச்சைப் பாயில் விரித்துப் போட்டு அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தையற்காரியின் கண்ணோடு அதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள். முதுகில் திறக்கிற ஒன்றை நெஞ்சில் திறக்க வைக்க ஏலாதா என்ன? பின்பக்க மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு மூடித் தைக்க வேண்டும். முன்பக்கத்தை நடுவால் வெட்ட வேண்டும். வெட்டிய ஓரங்களுக்குப் பட்டை வைத்து, கண் குத்தி, நாடா கோக்க வேண்டும். எஃகுப் பட்டைகள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், அரை விரலும் நகரக்கூடாது. வெட்டுவது தவறினால் பதுளையில் இன்னொரு கச்சு கிடையாது.

உள்துணியைப் பிரித்தபோது ஓரிடத்தில் கத்தரிக்கோல் நின்றது. இடது தோள்பட்டைக்குக் கீழே, கித்தான் தேய்ந்து பஞ்சு பஞ்சாகியிருந்தது. உள்ளங்கை அகலம். அந்த ஆயா வருஷக்கணக்காக ஊன்றிய கையின் தேய்மானம். ஸைனப் ஊன்றுவதும் அதே இடத்தில்தான். லரீபா அந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அதன்மேல் புதுத் துணி வைத்து நெருக்கமாகத் தைத்து மூடினாள்.

உட்கார்ந்து தைக்க முதுகு விடவில்லை. படுத்தபடி, ஒரு நேரத்துக்கு இருபது தையல், முப்பது தையல். பன்னிரண்டு நாள் ஆயிற்று. பதின்மூன்றாம் நாள் காலை, முன்னால் நின்ற நாடாவைக் கீழேயிருந்து ஒவ்வொரு கண்ணாகத் தானே இழுத்தாள். ஜன்னல் நேராகத் தெரிந்தது.

வேலிப் பக்கம் போய் ஸைனபைக் கூப்பிட்டாள். "புள்ள, இனி நானே கட்டிக்கொள்ள ஏலும். பாரு."

ஸைனப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுமை இறங்கியது. அதை மறைக்க அவளுக்கு நேரம் போதவில்லை. "நல்லதாப் போச்சு மாமி," என்றாள். "நான் அன்னைக்குச் சொன்னத மனசுல வெக்காதீங்க."

"என்னத்தச் சொன்ன நீ? ஒண்டும் சொல்லல்லயே."

அதற்குப் பிறகு லரீபாவின் வேலை நன்றாக நடந்தது. விடியும்போதே மெஷின் சத்தம் கேட்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு நாளைக்கு மூன்று ரவிக்கை முடித்தாள். யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. காலையில் "மாமி" என்ற குரலும் இல்லை. ஸைனப் எப்போதாவது வேலிக்கு மேலால் ஒரு கறிக் கிண்ணம் நீட்டுவாள். பிள்ளை பிறந்த பிறகு அதுவும் குறைந்தது. இஞ்சித் தேத்தண்ணியை லரீபா ஒரு கோப்பைக்கு மட்டும் ஊற்றப் பழகிக்கொண்டாள். பழக ஒரு மாதம் பிடித்தது. அதுவரைக்கும் கை தானாகவே இரண்டாவது கோப்பையை எடுத்துவிடும்.

மறு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டுப் பெண் கச்சைக் கண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் அதைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர் இதை இப்பிடித் தைச்சது?" என்று கேட்டார். லரீபா பயந்துகொண்டே சொன்னாள். அவர் திட்டவில்லை. நமுனுகுலத் தோட்டத்துப் பெண்ணொருத்தி அதே முதுகோடு வார்டில் கிடக்கிறாள், அவளுக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். வண்டிக்குப் போடுகிற கித்தான் கடையில் கிடைத்தது. பட்டைக்குத் தேயிலைப் பெட்டியைச் சுற்றி அடிக்கிற இரும்புப் பட்டையைக் கொல்லனிடம் கொடுத்து முனை மழுக்கி வாங்கி வைத்தாள்.

அடுத்த கிழமை அந்தப் பெண் அளவு கொடுக்க வந்தாள். பேர் பெரியாயி. முப்பது வருஷம் கொழுந்துக்கூடை தொங்கிய நெற்றியில் கயிற்றுத் தடம் பள்ளமாக விழுந்திருந்தது. கூனல் லரீபாவுடையதைவிட மோசம், பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் ஆளைப் பார்க்க முடிந்தது. முதுகு போனதும் தோட்டத்தில் பேரை வெட்டி வேலையை நிறுத்திவிட்டார்களாம். மகனோடும் மருமகளோடும் தோட்டத்து வரிசை லயத்தில் ஒரே காம்பரா அறையில் இருப்பு.

லரீபா அவளைச் சுவரோடு நிறுத்தி, நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். அளந்து முடித்துவிட்டு, தன் சட்டையைத் தூக்கி, தான் கட்டியிருந்த கச்சைக் காட்டினாள்.

"இப்படித்தான் தெக்கப் போறேன். நாடா முன்னால வரும். நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஒருத்தரயும் எதிர்பாக்கத் தேவல்ல."

பெரியாயி தலையைச் சாய்த்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"பின்னால கட்டுற மாதிரித் தைக்க முடியாதுங்களா அம்மா?"

"ஏன்? அது கஷ்டமல்லவா? இன்னொராள் வேணும்."

"ஆமாங்க. அதுக்குத்தாங்க கேக்குறேன். மருமக எங்கிட்டப் பேசி எட்டு மாசம் ஆச்சுங்க. ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. சோத்த வச்சிட்டுத் தட்ட நகத்திட்டுப் போயிருவா. நான் ஒரு சொல்லு சொன்னேன், தப்புத்தான். அவளுக்குப் புள்ள தங்காம போனப்ப, சொல்லக்கூடாதத சொல்லிட்டேன். திருப்பி எடுக்கவா முடியும்? டாக்டரய்யா கட்டணும்னு சொன்னா, அவ கட்டித்தானே ஆகணும். மகன் விடிஞ்சா வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிருவான், வேற யாரு இருக்கா. பேசாட்டியும் பரவால்லங்க. கிட்ட வந்து நிப்பாள்ல."

கட்டாமல் விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று லரீபா கேட்க நினைத்தாள். சலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்க நினைத்தாள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் அவளுக்குத் தெரியும். பெரியாயிக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

"தெச்சுத் தாரேன்," என்றாள்.

பின்னால் கட்டுகிற மாதிரியே தைத்தாள். இடது தோள்பட்டைக்குக் கீழே மட்டும் ஒரு மடிப்புத் துணி கூட வைத்துத் தைத்தாள். கை ஊன்றுகிற இடம் அது.

ஒரு மாதம் கழித்து, ஒரு கண் பிய்ந்துவிட்டதென்று பெரியாயி கச்சோடு வந்தாள். தைத்து முடிகிற வரைக்கும் பாயில் படுத்திருந்தாள்.

"மருமக கட்டுறாங்களா?" என்று கேட்டாள் லரீபா.

"கட்டுறாளுங்க. வஞ்சுக்கிட்டேதான் கட்டுறா. சனியனே, நேரா நில்லுன்னு முதுகுல ஒரு குத்து." பெரியாயியின் வாயோரம் லேசாக அசைந்தது. "எட்டு மாசத்துக்கப்புறம் அதுதாங்க எங்கிட்டச் சொன்ன மொத வார்த்த."

புறப்படும்போது கச்சை லரீபாதான் கட்டிவிட்டாள். உள்ளங்கையை ஊன்றி, கீழேயிருந்து ஒவ்வொரு கண்ணாக. மெலிந்த முதுகு, சுள்ளிக்கட்டு மாதிரி. கட்டி முடிந்த பிறகும் கையை எடுக்கச் சற்று நேரம் ஆனது. பெரியாயியும் நகரவில்லை.

அதன்பின் இரண்டு தடவை வந்தாள். ஒருமுறை நாடா மாற்ற, ஒருமுறை காரணமே இல்லாமல். அந்த இரண்டாம் தடவை லரீபா இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

அப்புறம் வரவில்லை. மழைக்காலம் கழிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தாள், அங்கே தெரியவில்லை. நமுனுகுலம் வீட்டு வாசலில் நின்றாலே தெரிகிற மலை. ஆனால் அங்கே போகிற முதுகு அவளுக்கு இல்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு ரவிக்கை தைக்க அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அளவெடுத்துக்கொண்டே லரீபா விசாரித்தாள்.

"பெரியாயி ஆத்தாளா? அவுங்கல்லாம் ஊருக்குப் போயிட்டாங்களே. தலைமன்னாரு வழியாக் கப்பலேறி அக்கரைக்குப் போறாங்கன்னாங்க. மகன், மருமக, எல்லாருந்தான்."

"கச்சு கட்டியிருந்தாங்களா, போகும்போது?"

"அந்தக் கித்தான் சட்டையா? ஆமா. மருமவதான் லயத்து வாசல்ல வச்சு இழுத்து இழுத்துக் கட்டுனா. ரயிலுல ஆட்டும், இறுக்கிக்கன்னு ரெண்டு பேரும் சண்ட."

நூல் ஒரு கணம் லரீபாவின் கையில் நின்றது. "தோள நிமித்துங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைப் போட்டாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். தெரு முனையில் வண்டி காத்திருக்கிறது, இன்னொரு நாளைக்கு என்று அந்தப் பெண் அவசரமாகப் போய்விட்டாள்.

லரீபா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். அந்த ஆறு வருஷமும் நிமிர்ந்தே நடந்தாள் என்று சந்தில் சொல்வார்கள். அன்றைக்கு வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்து இரண்டு ரவிக்கைக்குத் துணி வெட்டினாள். மூன்றாவதைத் தொடங்குவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.